சுழித்து இழுத்த கோடு

பிள்ளையார் சுழி, சிலுவை, எழுநூற்று எண்பத்தாறு, எதையும் விடைத்தாளில் போடக் கூடாது என்று பரீட்சை ஹாலைக் கண்காணிக்க வந்த தாவரவியல் மேடம் ஜலதோஷக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது செல்வி தன் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நம்ப முடியாது. புத்தி ஒன்று சொல்லும், கை தன் பாட்டுக்குப் போய் மேல் ஓரத்தில் ஒரு உ போட்டுவிடும். ஒன்றாம் வகுப்பிலிருந்து வந்த பழக்கம். "போன செமஸ்டர்ல ஒரு புள்ள முருகா துணைன்னு எழுதிட்டா. பேப்பரைத் தனியா எடுத்து வச்சுட்டாங்க. முருகனா வந்து மார்க் போட்டான்? அப்புறம் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாதீங்க" என்று சொல்லிவிட்டு மேடமே மூக்கைச் சிந்திக்கொண்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாற்பது நாளைக்கு முன்னால் என்றால் செல்விக்கும் சிரிப்பு வந்திருக்கும், அதைவிட, வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லி அவரையும் சிரிக்க வைத்திருப்பாள். அப்பா செத்து இன்றோடு நாற்பது நாள். எம்.ஏ. தத்துவம் கடைசி செமஸ்டர், முதல் பரீட்சை, பெஞ்சுக்கு ஒருத்தராகப் பதினொரு பேர். வருகைப்பதிவு எடுக்கும்போது துறைத்தலைவர் அவள் முழுப்பெயரான உரிமைச்செல்வியைப் பாதியில் வெட்டி "உரிமை இருக்கா?" என்பார், யாராவது ஒருத்தன் "இல்ல சார், கடமைதான் இருக்கு" என்பான், இரண்டு வருஷமாக அதே ஜோக், இரண்டு வருஷமாக அதற்கு அதே சிரிப்பு. மற்றபடி காலேஜில் எல்லோருக்கும் அவள் செல்விதான். அம்மாவுக்கும் செல்விதான். கையில் இருந்த பேனாவை நேற்று சாயங்காலம் அம்மா தெருமுனைப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்து வந்திருந்தாள், மூடியின் இடுக்கில் சந்தனம் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். சுரண்டச் சுரண்ட அது பேனாவின் உள்ளேதான் போனது.

மணி அடித்தது, கேள்வித்தாள் வந்தது. அறிவளவையியல். ஒரு விஷயத்தை நமக்குத் தெரியும் என்று சொல்கிறோமே, எப்படித் தெரியும், எதை வைத்துத் தெரியும் என்று கேட்கிற பாடம். அவளுக்கு ரொம்பப் பிடித்த பாடம். கடைசிப் பிரிவில் இருபது மதிப்பெண் கேள்வி: காட்சி, கருதல், உரை ஆகிய மூன்று அளவைகளையும் விளக்கி, அவற்றுள் உரையளவை எந்த அளவுக்கு நம்பத்தக்கது என ஆராய்க. கண்ணால் கண்டது காட்சி. மலையில் புகையைக் கண்டு அங்கே நெருப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது கருதல். நாம் காணாததைக் கண்ட ஒருவர் வந்து சொன்னால் அது உரை, சொல்பவர் கண்டதைக் கண்டபடி சொல்கிறவராக இருந்தால். இருந்தால். இந்த 'ஆல்'தான் தொண்டையில் மாட்டிக்கொள்கிற இடம். அப்பாவுக்கு இந்தப் பாடத்தை ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். அவர் மின்வாரியத்தில் வயர்மேன், முப்பது வருஷம் கம்பத்தில் ஏறினவர், கறுப்புச் சட்டைக்காரர், ஆறுமுகம் என்று வீட்டில் வைத்த பெயரை இருபது வயதில் அறிவரசன் என்று மாற்றிக்கொண்டவர். ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டார். "இவ்வளவுதானாம்மா? இதுக்கு ரெண்டு வருஷமா? டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுக் கை வை. முடிஞ்சுது பாடம். கம்பியில கரண்டு இல்லைன்னு சூப்பர்வைசர் சொன்னான்னு கை வச்சவன் எல்லாம் போட்டோவாத் தொங்கறான். கரண்டு வந்து நீ சாமி கும்பிடறவனான்னு கேக்காது." டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுக் கை வை. இதைக் கேள்விக்கு விடையாக எழுதினால் மூன்று மார்க் போடுவார்களா? அம்மா மோரை நகர்த்தி வைத்துவிட்டு, சாப்பிடற நேரத்துல செத்தவனைப் பத்திப் பேசாதீங்க என்றாள். அப்போது யாரும் செத்திருக்கவில்லை.

அந்த வீட்டில் சாமி படம் கிடையாது. ஆனால் சாமி இருந்தது. அஞ்சறைப் பெட்டியில் சீரகத்துக்கு அடியில், காகிதத்தில் மடித்த திருநீறாக இருந்தது. ரசத்துக்குச் சீரகம் எடுக்கும்போது அம்மா விரல் நுனியில் தொட்டு, நெற்றியில் படாமல் கழுத்துக்குக் கீழே தாலியோரமாகப் பூசிக்கொள்வாள். அப்பாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார். "இன்னைக்கு ரசத்துல ஏதோ கோயில் வாசனை அடிக்குதே" என்று மட்டும் சொல்வார், அம்மா பதறிப் போய் பெருங்காயத்தின் மேல் பழி போடுவாள். ஊரைச் சுற்றிக் கோயிலாக இருக்கிற கும்பகோணத்தில் இவர்கள் இரண்டு பேரும் இப்படி ஒரு சமாதானம் செய்துகொண்டு பிழைத்தார்கள். செல்வி அந்த இரண்டு பேருக்கும் மகளாக இருக்க வேண்டியிருந்தது. அம்மா அவள் கையைப் பிடித்து நோட்டின் மேல் ஓரத்தில் உ போட வைப்பாள், அது இல்லாமல் எழுதினால் எழுத்து நிற்காது என்று. சாயங்காலம் அப்பா வருவார். நோட்டைப் புரட்டுவார். திட்ட மாட்டார், அழிக்க மாட்டார், அதுதான் அவருடைய குறும்பு. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து அந்த உ-வுக்குப் பக்கத்தில் மீதி எழுத்தைப் போட்டு அதை ஒரு வார்த்தையாக்கிவிடுவார். ஒரு பக்கத்தில் உழைப்பு. அடுத்த பக்கத்தில் உலகம். அவருக்குப் பசி வந்த நாளில் உப்புமா. அம்மாவின் கறுப்பு உ, அப்பாவின் சிவப்பு எழுத்து, அந்த நோட்டுகளில் பாதிப் பாடமும் மேல் ஓரத்திலேயே நடந்தது. மறுநாள் ஆசிரியை 'உப்புமா' என்பதை வட்டம் போட்டுக் கேள்விக்குறி வைத்து அனுப்புவார், வீட்டில் மூன்று பேரும் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

எழுது. மேடம் பார்க்கிறார். எழுது. அவள் கேள்வி எண்ணைப் போட்டாள். மேல் ஓரத்தில் எதுவும் போடவில்லை, கை சொன்னதைக் கேட்டது. காட்சியாவது, என்று ஆரம்பித்தாள், காட்சியாவது பச்சை விரிப்பு. ஆஸ்பத்திரியில் அந்த வார்டில் எல்லாக் கட்டிலுக்கும் பச்சை விரிப்பு, துவைத்துத் துவைத்து வெளிறின பச்சை. பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. நர்ஸ் அக்கா நல்ல மாதிரி. "பேச்சுதாம்மா வராது, நாம சொல்றது எல்லாம் அவருக்குப் புரியும். ஆமான்னா ஒரு தடவை கண்ணை மூடுங்க, இல்லைன்னா ரெண்டு தடவை மூடுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். தண்ணி வேணுமான்னு நான் கேட்டேன், கரெக்டா ஒரு தடவை மூடினார். எதுவா இருந்தாலும் கேளுங்க." எதுவா இருந்தாலும் கேளுங்க. மூன்றாவது நாள் மத்தியானம், மூன்று மணி இருக்கும், அம்மா ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே கேன்டீனுக்குப் போயிருந்தாள். செல்வி ஸ்டூலில் உட்கார்ந்து இதே பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தாள், புகை, மலை, நெருப்பு. விரிப்பில் ஏதோ உரசுகிற சத்தம். அப்பாவின் இடது கை ஆட்காட்டி விரல் நகர்ந்தது. மெதுவாகச் சுழித்தது, சுழித்து வலப்பக்கமாக ஒரு கோடு இழுத்தது, நின்றது. கையைத் தூக்கத் தெம்பில்லாமல் இழுத்தபடியே பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி சுழித்தது, மறுபடி கோடு. அவர் விரலைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை எழுத விடவில்லை. அதை எப்படி எழுதுவது, எந்த அளவையில் சேர்ப்பது. அவளுக்கு முதலில் வந்தது பயமா கோபமா என்று இன்று வரைக்கும் தெரியவில்லை. தன் நோட்டின் மேல் ஓரத்தில் ஆயிரம் தடவை போட்ட அதே சுழி, அதே கோடு, இப்போது அப்பா, வேறு யாருமில்லை, அப்பா. பக்கத்துக் கட்டில்காரரின் தலைமாட்டில் முருகன் படம் சாத்தி வைத்திருந்தது, எதிர்க்கட்டிலில் ஜெபமாலை, எல்லோரும் எதையோ பிடித்துக்கொண்டிருந்த அந்த அறையில் ஒன்றையும் பிடிக்காமல் படுத்திருந்த ஒரே ஆள் என்று அதுவரை அவளுக்குள் ஒரு பெருமை இருந்தது. "என்னப்பா, நீங்களுமா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டதோடு விட்டிருக்கலாம். அந்த விரலைப் பிடித்து மடக்கி, விரிப்பை இழுத்து மேலே மூடினாள், யாராவது பார்த்துவிடுவார்களோ என்பது போல. அவர் ரொம்ப நேரம் அவளையே பார்த்தார். அப்புறம் கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா ஃபிளாஸ்க்கோடு வந்தபோது செல்வி சிரித்தாள், அழுகையை விட்டால் சிரிப்புதான் மிச்சமிருந்தது, "அம்மா, உன் புருஷன் பிள்ளையார் சுழி போடறார்" என்று போட்டுக்கொடுத்தாள். அம்மா ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். நிஜமாவாடி என்றாள். "நீ பாத்தியா? உன் கண்ணால பாத்தியா?" "பாத்தேன்மா, ரெண்டு தடவை." முப்பது வருஷம் சீரகத்துக்கு அடியில் கிடந்த திருநீறு இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து வெளியே வந்தது. அம்மா அழுதுகொண்டே அவர் நெற்றி நிறையப் பூசினாள், மூன்று விரலும் பதிய. அப்பா கண்ணை மூடினார், திறந்தார், மூடினார், ஓரத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கிக் காதுப்பக்கம் போனது. "பாத்தியா, கண்ணுல தண்ணி வருது பாரு, உள்ளுக்குள்ள எவ்வளவு நாளா இருந்துதோ" என்றாள் அம்மா. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் போய்விட்டார், நெற்றியில் அந்தத் திருநீறு அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அவளுடைய அந்த ஒரு வார்த்தையின் மேல் ஏறி நடந்தது. அப்பா எழுதி வைத்திருந்தார், சடங்கு கூடாது, ஐயர் கூடாது, மின்மயானத்தில் வைத்து எரித்துவிட்டு வந்து காபி குடியுங்கள் என்று. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய நாற்பது வருஷத் தோழர் கலியமூர்த்தி மாமா வாசலில் நின்றார். உள்ளே ஐயர் தர்ப்பையைக் கிழித்துக்கொண்டிருந்தார். அம்மா சொன்னாள், அது முன்னாடி எழுதினது அண்ணே, கடைசியா எழுதினது இது, எம்பொண்ணே சாட்சி. மாமா செல்வியைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ படிச்ச புள்ள. நீ சொன்னா நான் நம்பறேன். உண்மையிலயே போட்டானாம்மா?" "போட்டார் மாமா. பாத்தேன்." அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். சுடுகாட்டுக்கு வரவில்லை. பதினாறாம் நாள் படத்திறப்பு நடத்தி நாலு பேர் அப்பாவைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும், அதுதான் அவர்கள் வழக்கம், அதற்கும் நோட்டீஸ் அடிக்கவில்லை. தெருவில் பார்த்தால் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, செல்விக்கே அப்பாவைத் திரும்பிப் பார்க்கப் பிடிக்கவில்லை. செத்தவர் மேல் இவ்வளவு ஆத்திரம் வரும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. பயம் வருகிற வரைக்கும்தான் அறிவு என்றால் அதை எதற்குச் சொல்லிக்கொடுத்தார், எதற்கு அந்த வீட்டில் ஒரு பெண்ணை வேண்டிக்கொள்ளக்கூடத் தெரியாமல் வளர்த்தார். சரி, வேறு மாதிரி யோசித்துப் பார், டெஸ்டர் வைக்காமல் கை வைக்கிற ஆளா அவர்? அவரே சுழி போட்டார் என்றால் சாவின் விளிம்பில் எதையோ பார்த்திருக்க வேண்டும், டெஸ்டரில் விளக்கு எரிந்திருக்க வேண்டும். இந்த நினைப்பு வந்த நாளிலிருந்து அவளும் முயன்று பார்த்தாள். பஸ் ஸ்டாண்ட் பிள்ளையார் முன்னால் பத்து நாள் நின்றாள், சிதறு தேங்காய்த் துண்டு காலில் குத்த, கையைக் கூப்பிக்கொண்டு. என்ன கேட்பது என்று தெரியவில்லை. அப்பா பார்த்ததை எனக்கும் காட்டு என்று கேட்டாள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறின கருங்கல், பஸ்ஸின் ஹாரன், பூக்காரம்மாவின் செல்போனில் யாரோ சண்டை போடுகிற சத்தம். கூப்பின கைக்குள் ஒன்றும் இல்லை. கும்பிடாமல் இருந்த காலத்திலும் ஒன்றும் இல்லைதான், ஆனால் அப்போது அந்த ஒன்றுமில்லாத இடத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார், அதனால் அது வெறும் இடமாகத் தெரியவில்லை.

கை எழுதிக்கொண்டிருந்தது, அதுதான் வேடிக்கை. அவள் எங்கேயோ இருக்க, கை புத்தகத்தில் படித்ததைப் பக்கம் பக்கமாக இறக்கிக்கொண்டிருந்தது, உரையளவைக்கு மூன்று இலக்கணம், உள்தலைப்பு, அடிக்கோடு. இந்தத் தாளுக்கு நல்ல மார்க் வரும். இதில் ஒரு வரியாவது அவளுக்கு நிற்க உதவுமா என்று கேட்டால் அதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை. பதினொன்றரை வாக்கில் மேடம் கையெழுத்துப் பட்டியலோடு ஒவ்வொரு பெஞ்சாக வந்தார். "தமிழ்ல முழுப் பேரு. இங்கிலீஷ்ல கிறுக்கி வச்சா திருப்பி அனுப்பறாங்க." செல்வி ஆங்கிலத்தில்தான் கையெழுத்துப் போடுவாள், பேங்க்கில், நூலகத்தில், ஆஸ்பத்திரியில் உடம்பை வாங்கின தாளில், எல்லா இடத்திலும் ஒரு எஸ், ஒரு நெளிவு. தமிழில் முழுப்பெயரை எழுதி எத்தனை மாசம் இருக்கும். பட்டியலை இழுத்து வைத்துக்கொண்டாள். இனிஷியல் போடவில்லை, அது அப்பா பழக்கினது. "உன் பேருக்கு முன்னால நான் எதுக்கு நிக்கணும்? நீ நேரா உன் பேர்லயே ஆரம்பி" என்பார். கட்டத்துக்குள் பேனாவை வைத்தாள், சுழித்தாள், கோடு இழுத்தாள். பேனா நின்றுவிட்டது. சந்தனம் நுனிக்கு இறங்கியிருக்க வேண்டும், அடுத்த எழுத்துக்கு மையில்லாமல் காகிதத்தைத்தான் கீறியது. உதறினாள், கீறினாள், வரவில்லை. மேடம் கண்ணாடிக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். "என்னம்மா இது, பிள்ளையார் சுழி போட்டுட்டு நிறுத்திட்ட? போடக் கூடாதுன்னு அவ்வளவு நேரம் கத்தினேன்ல?"

"சுழி இல்ல மேடம்."

"பின்ன என்ன?"

"பேரு மேடம். என் பேரு."

சொன்னபிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. மேடம் தன் பேனாவைக் கொடுத்தார், அவள் மீதியை எழுதினாள், ரி, மை, ச், செ, ல், வி, ஒவ்வொன்றும் ஒரு யுகமாக. மேடம் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். கட்டத்தில் எழுதின பெயர் போய்விட்டது, பச்சை விரிப்பு வந்தது, சுழித்து வலப்பக்கமாக இழுத்த கோடு, அதற்கப்புறம் தெம்பில்லாமல் பழைய இடத்துக்குத் திரும்பின விரல். அடுத்த எழுத்துக்குப் போக முடியாமல் திரும்பின விரல். வருகைப்பதிவு ஜோக்கை விட்டால், உலகத்தில் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டது ஒரே ஒரு ஆள். உரிமை, தண்ணி கொண்டாம்மா. உரிமை, டெஸ்டரை எங்கே வச்ச. வாய் போனபிறகு அவர் வேறு எப்படிக் கூப்பிடுவார். ஒன்றாம் வகுப்பு முதல் நோட்டு, முதல் பக்கம், அம்மா கையைப் பிடித்துப் போட வைத்த முதல் உ. அதற்குப் பக்கத்தில் அன்றைக்குச் சாயங்காலம் சிவப்பில் அவர் எழுதினது உழைப்பு இல்லை, உப்புமா இல்லை, அது அப்புறம், முதலில் எழுதினது உரிமை. "பாரு, இதுதான் நீ" என்றார். தன் பெயரை எழுத்தில் அவள் முதன்முதலாகப் பார்த்தது அதுதான். அம்மாகூட அந்தப் பெயருக்கு ஒத்துக்கொண்டது அதனால்தானாம், பேரே பிள்ளையார் சுழியோடதானே ஆரம்பிக்குது என்று, பிரசவ வார்டில் இரண்டு பேரும் ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சிரித்தார்களாம், இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டுச் சலித்த கதை. எப்படி ஞாபகம் வரவில்லை. நாற்பது நாளாக எங்கே இருந்தது இந்தக் கதை. அவர் அவளைப் பார்த்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார், அவள் அந்த விரலை மடக்கி விரிப்பால் மூடினாள், நீங்களுமா என்று கேட்டாள். சாமியைக் கூப்பிட்டவர் என்று இத்தனை நாள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

இல்லை, இரு. பொறு. இதுவும் கருதல்தான். அது பெயர்தான் என்பதற்கு என்ன ஆதாரம், உதவி என்றிருக்கலாம், உள்ளே வலிக்கிறது என்றிருக்கலாம், தமிழில் இரண்டு என்கிற எண்ணும் அதே சுழி அதே கோடுதான், இரண்டு மணிக்கு, இரண்டு பேரும், என்னவாகவும் இருக்கலாம். நிஜமாகவே பிள்ளையார் சுழியாகவும் இருக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். சாமியாப்பா என்று ஒரு கேள்வி, நானாப்பா என்று ஒரு கேள்வி, அவ்வளவுதானே. எதுவா இருந்தாலும் கேளுங்க என்று நர்ஸ் அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போன டெஸ்டர் அது, கேட்டால் விளக்கு எரிந்திருக்கும். அளவையியலில் வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள் அதை எடுத்து வைத்துப் பார்க்கவில்லை. அப்புறம் திருநீறு பூசினபோது. வேண்டாம், அங்கே போகாதே. பூசினபோது அவர் கண்ணை மூடினார், திறந்தார், மூடினார். எத்தனை தடவை. ஒன்று, திறந்தார், இரண்டு. இரண்டு தடவை என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியும், நர்ஸ் அதைச் சொன்னபோது அம்மா வார்டில் இல்லை. நெற்றியில் பூசினால் யாருக்கும் கண் சிமிட்டத்தான் செய்யும் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள், தூள் விழுந்தால் சிமிட்டாதா, சிமிட்டும். சந்தேகம் என்பது பெரிய ஆயுதம் என்று முதல் வருஷத்தில் படித்தாள், இன்றைக்கு அதைக் கொண்டு ஒரு கண் சிமிட்டலைக்கூட அவளால் தள்ள முடியவில்லை. மின்விசிறி கடகடத்தது. கலியமூர்த்தி மாமாவிடம் போய்ச் சொல்லலாம், நான் தப்பாகப் பார்த்துவிட்டேன் மாமா, அவர் மாறவில்லை என்று. மாமா அழுவார், படத்திறப்பு வைப்பார், அப்பா ஊருக்கு முன்னால் மறுபடி அப்பாவாக எழுந்து நிற்பார். அது நாலு தெரு தாண்டி அம்மாவுக்கு வரும். அம்மா இந்த நாற்பது நாளை எதன் மேல் உட்கார்ந்து ஓட்டுகிறாள்? கடைசியில் நம்ம பக்கம் வந்துட்டார்டி என்ற அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். ராத்திரி தூங்குகிறாள், சோறு இறங்குகிறது, முப்பது வருஷம் ஒளித்துப் பூசினவள் இப்போது நெற்றியில் பூசிக்கொண்டு தெருவில் நடக்கிறாள். அதை உருவினால் அவள் விழுவாள். உருவாவிட்டால் அப்பா அப்படியே கிடப்பார், யாரோ ஒருத்தர் மாதிரி, நெற்றியில் சம்மதமில்லாத திருநீறோடு. இரண்டு பேரில் ஒருவரைச் சாகக் கொடுத்துத்தான் இனி இருக்க வேண்டும், உண்மையைத் தெரிந்துகொண்டு எப்படி வாழ்வது என்று எந்தத் தாளிலும் அவர்கள் கேட்கப்போவதில்லை. மணி அடித்தது, மேடம் தாள்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

வாசலில் வேப்பமரத்தடியில் அம்மா நின்றிருந்தாள். முதல் பரீட்சை, நானும் வரேன் என்று காலையில் கூடவே பஸ் ஏறி வந்தவள், மூன்று மணி நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறாள். முகம் வெயிலில் கன்றியிருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது, அப்பா இருந்த காலத்தில்கூட இவ்வளவு தெளிவாக இருந்து செல்வி பார்த்ததில்லை. அவளைக் கண்டதும் கூஜாவைத் திறந்து மோரை ஊற்றினாள்.

"எப்படிடி எழுதின? எல்லாம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதும்மா."

"பேனா நல்லா எழுதிச்சா?"

"எழுதிச்சு."

"சுழி போட்டுத்தானே ஆரம்பிச்ச?" அம்மா குரலைத் தாழ்த்தினாள், யாருக்கும் பயந்து அல்ல, பழக்கத்தில். "அப்பாவே போட்டுக் காட்டிட்டுப் போயிருக்கார். இனிமே நமக்கு என்ன தயக்கம்?"

செல்வி மோரைக் குடித்து முடித்தாள். சொல்வதற்கு ஒரு வாக்கியம்தான் இருந்தது. அம்மா சுருக்குப் பையை அவிழ்த்துக் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்த விரலில் நடுக்கமே இல்லை.

"போட்டேன்மா" என்றாள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கிட்டே இழுத்து, மூன்று விரலும் பதிய, நெற்றி நிறையப் பூசினாள். பூசிவிட்டுக் கண்ணில் விழாமல் இருக்க ஊதினாள்.

செல்வி கண்ணை மூடினாள். திறந்தாள். அம்மாவையே பார்த்துக்கொண்டு, இன்னொரு தடவை மெதுவாக மூடினாள்.